தரைவீட்டுத் தோட்டத்துக்கு எந்த மரம்? வாங்கப் போகுமுன் பார்க்க வேண்டியவை

நர்சரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஓர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பின்பக்கம் போங்கள். சுவரிலிருந்து வேலி வரை எவ்வளவு தூரம், லோங்காங் (மழைநீர்க் கால்வாய்) எந்தப் பக்கம் ஓடுகிறது, கழிவுநீர்க் குழாயின் மூடி எங்கே இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கூரை எவ்வளவு தள்ளி ஆரம்பிக்கிறது, எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் தரைவீடு அமைவதே பெரிய காரியம், அதிலும் சிமெண்டு போடாமல் மண் தெரிகிற இடம் கிடைப்பது இன்னும் பெரிய காரியம், அதனால் கொஞ்சம் இடத்தைக் கண்டதும் ஆசை பொத்துக்கொண்டு வரும். ஒரு மா, ஒரு வேம்பு, ஒரு முருங்கை, ஓரத்தில் ஒரு தென்னை. அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அந்த நான்கும் சேர்ந்து நிற்க இங்கே பல பேருக்கு இடம் கிடையாது, இங்கே பெய்கிற மழையும் அவற்றில் சிலவற்றுக்கு ஒத்துவராது.

எங்கள் அப்பா அப்படி ஆசைப்பட்டவர்தான். சிலேத்தார் பக்கம் செமி-டி (ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிரும்) வீட்டுக்குக் குடிபோன புதிதில், தின்று முடித்த மாங்கொட்டையைச் சமையலறைச் சுவருக்கு ஒரு மீட்டர் தள்ளிப் புதைத்தார். முளைத்தது, வளர்ந்தது, கூரையைத் தாண்டியது. பன்னிரண்டு வருடத்தில் அது கொடுத்த காய்களை இரண்டு கையில் எண்ணிவிடலாம். ஆனால் வேர் சுவரோரச் சிமெண்டுத் தளத்தைத் தூக்கிவிட்டது, லோங்காங்கின் பக்கச் சுவர் நீளவாக்கில் விரிசல் விட்டு மழைத்தண்ணீர் சமையலறைப் பக்கம் திரும்பியது, கடைசியில் ஒருநாள் விடிகாலையில் அடித்த சுமத்ரா சூறைக்காற்றில் தொடை தண்டி கிளை ஒன்று முறிந்து பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கூரை ஓடுகளை உடைத்தது. மரத்தை வெட்ட அரை நாள்தான் ஆனது. அந்த அரை நாளும் அப்பா சாமி அறையை விட்டு வெளியே வரவில்லை. மரத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, நட்ட இடம்தான் தப்பு. நான் இதை எழுதுவது இன்னொரு வீட்டில் அந்த அரை நாள் வரக்கூடாது என்பதற்காக.

எத்தனை மீட்டர் இருக்கிறது?

வரிசையில் நடுவில் இருக்கும் டெரஸ் வீடு என்றால் முன்பக்க அகலமே பெரும்பாலும் 6 மீட்டர்தான், அதில் பாதியைக் கார் நிறுத்தும் போர்ச் எடுத்துக்கொள்ளும். செமி-டி என்றால் 8 மீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். தொட்டியில் இடுப்பளவு நிற்கிற கன்றைப் பார்த்து முடிவு செய்யாமல், பதினைந்து வருடம் கழித்து அதன் தலை எவ்வளவு அகலம் விரியும் என்று கேளுங்கள். அந்த அகலத்தில் பாதியளவு தூரமாவது சுவரிலிருந்தும் வேலியிலிருந்தும் தள்ளி நட வேண்டும். நான் வைத்திருக்கும் கணக்கு இது: எலுமிச்சை, கறிவேப்பிலை மாதிரிச் சின்ன மரம் என்றால் 2 மீட்டர், கொய்யா, சிக்கு (சப்போட்டா) மாதிரி நடுத்தர மரம் என்றால் 3 முதல் 4 மீட்டர், மா, ரம்புத்தான் போன்றவற்றுக்கு 6 மீட்டருக்குக் குறையக் கூடாது. கழிவுநீர்க் குழாய் போகிற பாதையில் எந்த மரமும் வேண்டாம். வேர் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு போவது அரிது, ஆனால் பழைய குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், அந்த ஈரத்தை மோப்பம் பிடித்து உள்ளே போய்ப் பஞ்சு மாதிரி அடைத்துவிடும்.

பெரிதானால் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தங்லின், புக்கிட் தீமா வட்டாரமும் சாங்கி வட்டாரமும் 1991லிருந்து மரப் பாதுகாப்புப் பகுதிகள். அந்த எல்லைக்குள் உங்கள் வீடு இருந்தால், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிய மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, அது நீங்களே நட்டு வளர்த்த மரமாக இருந்தாலும் சரி. வேறு வட்டாரமாக இருந்தாலும் ஆள் பிடித்து, கிரேன் கொண்டுவந்து, வெட்டியதை அப்புறப்படுத்தி முடிப்பதற்குள் கன்றின் விலையைப் போலப் பல மடங்கு போய்விடும்.

வெயில் எந்தப் பக்கம்?

இதைப் பலரும் கவனிப்பதில்லை. நாம் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக வடக்கே இருக்கிறோம். அதனால் சூரியன் ஆண்டில் பாதி நாள் தலைக்கு வடக்கேயும் மீதி நாள் தெற்கேயும் சாய்ந்து போகும். வீட்டுக்கு வடக்குப் பக்கம் தோட்டம் இருந்தால் டிசம்பரில் வீட்டின் நிழல் அதன்மேல் விழும். 9 மீட்டர் உயர வீடு என்றால் உச்சிப் பொழுதிலேயே, அதாவது நம் கடிகாரத்தில் மதியம் ஒரு மணி வாக்கில், நிழல் 4 மீட்டர் நீளும். பல டெரஸ் வீடுகளின் பின்பக்கம் அவ்வளவுதான் அகலம். தெற்குப் பக்கத் தோட்டத்துக்கு இதே கதை ஜூன் மாதத்தில். ஆக, ஒரு சனிக்கிழமை காலையில் மட்டும் பார்த்துவிட்டு "நல்ல வெயில் வருகிறது" என்று முடிவு கட்டாதீர்கள். பழ மரத்துக்கு நாளுக்கு ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் கொய்யா வைத்தால் இலை வரும், காய் வராது.

மண்ணைக் கையில் எடுங்கள்

மழை நின்ற மறுநாள் ஒரு பிடி மண்ணை எடுத்து, கொழுக்கட்டைக்கு மாவு உருட்டுவது போல உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். நீளமாகத் திரிந்து வளையம் போட்டாலும் உடையவில்லை என்றால் களிமண். உருட்டும்போதே பொலபொலவென்று உதிர்ந்தால் மணல். புக்கிட் தீமா பக்கம் கருங்கல் பாறை மக்கி வந்த சிவந்த களிப்பான மண், ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் கடற்கரையோரம் என்பதால் மணல் அதிகம். அதெல்லாம் பொது விஷயம், உங்கள் தோட்டத்தில் வீடு கட்டியவர் விட்டுப்போன செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும்தான் முதலில் வரும். எங்கள் வீட்டில் இரண்டாவது முறை நடத் தோண்டியபோது முக்கால் முழத்தில் உடைந்த தரை ஓடுகள் ஒரு கூடை கிடைத்தன.

அப்புறம் வடிகால் சோதனை. முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது இறங்கியதும் இன்னொரு முறை நிரப்பிவிட்டு எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நிற்கிறது என்றால் அந்த இடத்தில் வேர் மூச்சுத் திணறிப் போகும். அதற்காக மரம் வைக்கவே கூடாது என்றில்லை. ஒரு முழ உயரத்துக்கு, அகலமாக மண் மேடு போட்டு அதன் மேல் நட்டால் பெரும்பாலான மரங்கள் பிழைத்துக்கொள்ளும்.

நம் ஊர் மரம், இந்த ஊர் மழை

எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான். தமிழ்நாட்டில் பார்த்து வளர்ந்த மரத்தையோ, அப்பா அம்மா சொல்லிக் கேட்ட மரத்தையோ நாம் இங்கே தேடுகிறோம். இரண்டு ஊரும் வெயில் ஊர்தானே என்று தோன்றும். ஆனால் சென்னையில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை அபூர்வம். இங்கே ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, இருப்பதிலேயே மழை குறைந்த பிப்ரவரியில்கூடச் சராசரியாக 100 மில்லிமீட்டர் பெய்துவிடும். வறண்ட காலம் என்று ஒன்று இல்லாத ஊர் இது.

மாமரம் பூப்பதற்குச் சில வாரம் தொடர்ந்து வறட்சி வேண்டும். தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருந்தால் அது பூவை மறந்துவிட்டுத் துளிர் விட்டுக்கொண்டே போகும். தப்பித் தவறிப் பூத்தாலும் அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டால் பூங்கொத்து முழுக்கப் பூஞ்சை படர்ந்து கருகி உதிரும். மலேசியாவில் பெர்லிஸ் மாநிலத்து ஹாருமானிஸ் மாம்பழம் அவ்வளவு பேர் வாங்குவதற்கு அங்கே வருடா வருடம் தவறாமல் வரும் வறண்ட பருவமும் ஒரு காரணம். அதே கன்றை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு அதே பழத்தை எதிர்பார்த்தால் மனசுதான் உடையும். மாதான் வேண்டும், இடமும் இருக்கிறது என்றால் சோக்கனான் ஒட்டுக்கன்று வாங்குங்கள். பருவம் தப்பியும் பூக்கும் ரகம் அது. கொட்டையிலிருந்து முளைத்த கன்று மட்டும் வேண்டவே வேண்டாம், காய்க்கப் பல வருடம் எடுக்கும், காய் எப்படி இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

வேம்பும் அப்படித்தான். இங்கே வளரும், சில சாலைகளின் ஓரத்திலேயே நிற்கிறது, ஆனால் தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகிவிடும், நன்றாக வளர்ந்தாலோ டெரஸ் வீட்டுக்கு ரொம்பப் பெரிது. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு ஒரு பிடி வேப்பம்பூதான் வேண்டும் என்றால் தேக்கா சந்தையில் வாங்கிக்கொள்ளலாம், தோரணத்துக்கு மாவிலையும் அங்கேயே கிடைக்கும். முருங்கை வைக்கலாம், மேட்டில் வைத்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலையளவு உயரத்தில் வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் கீரைக்குக் குறைவிருக்காது. உயர விட்டால் காற்றுக்கு முறியும். சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும், மென்மையான கட்டை அதைத் தாங்காது.

சரி, எதைத்தான் வைப்பது?

டெரஸ் வீட்டு முன்பக்கம் என்றால் என் முதல் தேர்வு கறிவேப்பிலை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திக்கொள்ளலாம், தினமும் ஒடிப்பதே கவாத்து ஆகிவிடும். வேரிலிருந்து பக்கக் கன்று கிளம்பிக்கொண்டே இருக்கும், அதை மட்டும் பிடுங்கிவிட வேண்டும். கலமான்சி என்கிற சின்ன எலுமிச்சையும் நல்லது, கொஞ்சம் நிழலையும் பொறுத்துக்கொள்ளும். பூ வேண்டும் என்பவர்களுக்குப் பவளமல்லி, இரவில் பூத்து விடியும்போது தரையெல்லாம் கொட்டிக்கிடக்கும். மலாய்க்காரர்கள் கெம்போஜா என்கிற ஃபிராஞ்சிபானியும் சின்ன இடத்துக்குத் தோதானது, வேர் தரையைத் தூக்காது. கல்லறைத் தோட்டத்து மரம் என்று பெரியவர்கள் சிலர் தயங்குவார்கள், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

செமி-டி அளவுக்கு நான் சிக்கு மரத்தைத் தயங்காமல் சொல்வேன். மெதுவாக வளரும், கட்டை உறுதி, காற்றுக்கு அசையாது, கடற்கரைக் காற்றின் உப்பையும் தாங்கும். அப்பாவின் மா நின்ற இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இப்போது நிற்பது சிக்குதான், ஒட்டுக்கன்று, நான்காவது வருடம் காய்த்தது. கொய்யா, நட்சத்திரப்பழம், ஜம்பு (நீர் ஆப்பிள்) எல்லாமே இங்கே நன்றாகக் காய்க்கும், ஆனால் பிஞ்சிலேயே காகிதப் பை கட்டாவிட்டால் பழ ஈ விடாது, பழுத்த பிறகு பிய்த்தால் உள்ளே புழு நெளியும். பழமே வேண்டாம், நிழலும் மணமும் போதும் என்றால் மகிழம். வளர நாளாகும், ஆனால் அடர்ந்த நிழல், காய்ந்த பிறகும் மணக்கிற பூ, கோயிலுக்கும் ஆகும். செண்பகம் கேட்பவர்கள் அது உயர்ந்து போகிற மரம் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

பங்களா வைத்திருப்பவர்களுக்கு ரம்புத்தான், மங்குஸ்தான். ரம்புத்தானில் கொட்டைக்கன்று ஆண் மரமாகப் போய்விட்டால் காலம் முழுக்கக் காய்க்காது, அதனால் ஒட்டு வைத்ததுதான். மங்குஸ்தானுக்குப் பொறுமை வேண்டும், பத்து வருடம்கூட ஆகலாம்.

சாலையோரத்தில் பார்த்து ஆசைப்படுகிற மரங்களை மறந்துவிடுங்கள். தூங்குமூஞ்சி மரம், அங்சானா, இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்குவதால் எல்லோரும் சிங்கப்பூர் சக்கூரா என்று படம் எடுக்கும் டபேபுயா, இதெல்லாம் அகலமான சாலைக்கும் பூங்காவுக்கும் உரியவை. அந்தக் காலத்தில் சீக்கிரம் நிழல் வேண்டும் என்று அங்சானாவின் பருத்த கிளைகளையே வெட்டி நட்டுச் சாலைகளைப் பசுமையாக்கினார்கள், ஆனால் அவற்றைக் கவாத்து செய்து பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். அரசும் ஆலும் வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் கூடவே கூடாது, பறவை எச்சத்தில் தானாக முளைத்தாலும் விரலளவிலேயே எடுத்துவிடுங்கள். மஞ்சள் அரளி பூஜைக்கு நல்லதுதான், ஆனால் அதன் கொட்டை கொடிய விஷம். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் வேண்டாம்.

யார் யார் விருந்துக்கு வருவார்கள் என்பதையும் யோசியுங்கள். கொய்யா, சிக்கு, ஜம்பு மூன்றும் வௌவாலுக்கு உயிர். அது பழத்தைக் கவ்விக்கொண்டு உங்கள் போர்ச்சின் கூரைக்கடியில் தொங்கித் தின்றுவிட்டு வெள்ளைச் சுவரில் எச்சத்தைத் தெளித்துவிட்டுப் போகும், காய்ந்தால் லேசில் போகாத கறை. குயில் வந்தால் விடிகாலை ஐந்து மணிக்கே கூவ ஆரம்பிக்கும், எனக்கு அது பிடிக்கும், பக்கத்து வீட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குபவருக்குப் பிடிக்காது. அதைவிட முக்கியம் கொசு. உதிரும் சின்ன இலை கூரைத் தகரக் கால்வாயை அடைத்தால் அதில் நிற்கிற தண்ணீரே டெங்கிக் கொசுவுக்குப் போதும். வெட்டிய மூங்கில் கணு, விசிறிவாழையின் மட்டை இடுக்கு, தொட்டிக்கடியில் வைக்கும் தட்டு, எதில் தண்ணீர் நின்றாலும் ஆபத்துதான். இலை கொட்டும் மரமானால் வாரம் ஒருமுறை ஏணி போட்டு ஏறத் தயாராக இருக்க வேண்டும்.

வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டு, தொட்டியில் கறிவேப்பிலையும் கலமான்சியும் வளர்க்கலாம். உங்கள் வட்டாரத்தில் சமூகத் தோட்டம் இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள், 2005லிருந்து நடக்கும் திட்டம் அது.

வாங்கும்போது

போன வருடம் அத்தை வீட்டுக்குச் செண்பகக் கன்று வாங்க நர்சரிக்குப் போயிருந்தோம். அத்தைக்கு ஆறடி உயரத்தில், மொட்டோடு நின்ற ஒன்றின் மேல்தான் கண். அங்கே வேலை செய்கிற தம்பி, புதுக்கோட்டைப் பக்கம், தொட்டியைச் சாய்த்து அடியைக் காட்டினார்.

"வேர் தொட்டிக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு பாருங்கம்மா. மண்ணுல வச்சாலும் அது சுத்திக்கிட்டேதான் இருக்கும், பின்னாடி தன் கழுத்தத் தானே நெரிச்சிக்கும். அந்தச் சின்னதை எடுத்துக்கங்க."

"இதுல பூவே இல்லியேப்பா."

"பூ வரும்மா. மொதல்ல மரம் நிக்கட்டும்."

அவர் சொன்னதுதான் சரி. தொட்டியின் அடி ஓட்டை வழியாகப் பருத்த வேர் வெளியே வந்திருந்தாலோ, தண்டின் அடியில் வேர் கயிறு மாதிரிச் சுற்றியிருந்தாலோ எடுக்காதீர்கள். ஒட்டுக்கன்றில் ஒட்டு வைத்த இடம் நன்றாகக் கூடியிருக்கிறதா, அதற்குக் கீழிருந்து துளிர் வருகிறதா என்று பாருங்கள். இலையின் பின்பக்கத்தைத் திருப்பி வெள்ளைப் பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். குச்சியை அவிழ்த்தால் தானே நிற்கிற கன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

நடும்போது

பிப்ரவரியில் நடாதீர்கள், வெயிலும் காற்றும் இளங்கன்றை வாட்டிவிடும். நவம்பரில் மழை பிடிக்கும்போது நட்டால் தண்ணீர் ஊற்றுகிற வேலை பாதி குறையும். குழி ஆழத்தைவிட அகலம் முக்கியம், தொட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் தொட்டியளவே போதும். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஆழமாகப் புதைத்துச் சாகடித்த கன்றுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மெதுவாக மஞ்சளாகிச் சாவதால் ஏன் என்றே தெரியாது. தோண்டிய மண்ணையே மக்கிய உரம் கொஞ்சம் கலந்து திரும்பப் போடுங்கள். மேலே காய்ந்த இலையை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி.

முதல் இரண்டு மாதம் மழை பெய்யாத நாளில் ஒரு வாளித் தண்ணீர். ஊன்றுகோலை இறுக்கிக் கட்டாமல் பழைய துணியால் தளர்வாகக் கட்டுங்கள், காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும். ஒரு வருடம் ஆனதும் கோலை எடுத்துவிட்டு, தண்டைக் கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அடி மண் அசையாமல் தண்டு மட்டும் வளைந்தால் வேர் பிடித்துவிட்டது. மண்ணும் சேர்ந்து அசைந்தால் கோலைத் திரும்ப நட்டு இன்னும் ஆறு மாதம் விட்டுவையுங்கள்.